மதுவை விடக் கஞ்சா மேலானதா?

(நமது ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில், போதைப் பொருள் பற்றிய தீர்மானம் விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்னர், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு தீர்மானம் இடம்பெற்றிருக்கின்றது. கஞ்சாவுடன் பிடிபடும் எவரையும், அவர் குடும்பத்தையும், ஜமாஅத் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவது என்றும், அந்தக் குடும்பத்தில் நடைபெறும் திருமணங்களுக்கு நிக்காஹ் தஃப்தர் வழங்குவதில்லை என்றும் அது கூறுகின்றது. அதைக் கொண்டு வந்தவர்களின் நோக்கம் தூய்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் தெருக்களில் பொட்டலம் கைமாறும் இடங்கள் எவை என்பது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் தெரியும். ஆயினும் வாக்கெடுப்பிற்கு முன் சில சொற்கள் பேச அனுமதி கேட்டோம். தலைவர் அவர்கள் பெருந்தன்மையுடன் இசைந்தார்கள்.

முதலில், ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் மஃரிபுக்குப் பின் இளைஞர்களுக்கென்று நாம் நடத்தி வரும் வகுப்பில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், அரசாங்கமே மதுக்கடை நடத்துகிறது. பள்ளிவாசல் வாசலிலேயே சிகரெட் விற்கிறது. அவ்விரண்டையும் விடக் கஞ்சா கெடுதல் குறைந்தது என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்களே எழுதுகிறார்கள். கனடாவில் கடை வைத்தே விற்கிறார்கள். அப்படியிருக்க, இதற்கு மட்டும் ஏன் சிறை?" பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "இதெல்லாம் பள்ளிவாசலில் பேசுகிற பேச்சா?" என்று அதட்டினார். நாமும் அன்று, "அது ஹராம், அவ்வளவுதான்" என்று சொல்லி அடுத்த பாடத்திற்குப் போய்விட்டோம். அந்த மாணவர் மறு வாரம் வரவில்லை. அவர் கேட்டது ஒன்று, நாம் விடையளித்தது வேறொன்று என்பது வீட்டிற்குப் போன பின்புதான் உறைத்தது. அதன் பிறகு நாம் படித்தவற்றையும் எண்ணியவற்றையும்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டில் டேவிட் நட் என்ற பிரிட்டிஷ் பேராசிரியரும் அவருடன் சேர்ந்த வல்லுநர்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு தரவரிசை வெளியிட்டார்கள். உபயோகிப்பவருக்கு நேரும் கேட்டையும், பிறருக்கு நேரும் கேட்டையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று பிரிட்டன் நாட்டை மனத்தில் கொண்டு மதிப்பெண் இட்டார்கள். மதுவிற்கு 72, ஹெராயினுக்கு 55, புகையிலைக்கு 26, கஞ்சாவிற்கு 20. மது முதலிடம் பெற்றதற்குக் காரணம், அது குடிப்பவனோடு நிற்பதில்லை என்பதே. அடிபடும் மனைவி, சாலையில் நசுங்கும் வழிப்போக்கர், பட்டினி கிடக்கும் பிள்ளை ஆகியோரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இத்தகைய கருத்துகளை வெளிப்படையாகப் பேசியதற்காகவே அந்தப் பேராசிரியர் 2009இல் அரசாங்கத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

மதுவை அளவு மீறிக் குடித்தால் மூச்சு அடங்கி ஒரே இரவில் உயிர் போகக்கூடும். நாட்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பும் சன்னியும் கண்டு இறக்கக்கூடும். கஞ்சாவின் மயக்கச் சத்து மூச்சை நடத்தும் மூளைப் பகுதியை அவ்வாறு அடக்குவதில்லை. புகையிலையின் கதை இன்னும் கொடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் அதிகமானோர் புகையிலையால் இறக்கின்றனர். நம் நாட்டில் மட்டும் சுமார் 13 இலட்சம் பேர். மதுவால் 2019ஆம் ஆண்டில் உலகில் 26 இலட்சம் பேர் இறந்தனர். ஒருமுறை தொட்டவர்களில் எத்தனை பேர் அடிமையாகின்றனர் என்று ஆராய்ந்து 1994இல் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கில், புகையிலையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், மதுவில் நூற்றுக்குப் பதினைந்து பேர், கஞ்சாவில் ஒன்பது பேர் என்று வந்தது.

இவற்றை இமாம் ஒருவர் மிம்பருக்குப் பக்கத்தில் நின்று சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் மறைத்தாலும் பிள்ளைகள் கைப்பேசியில் படித்துக்கொள்கிறார்கள். நாம் மறைத்தோம் என்பதையும் சேர்த்து அறிந்துகொள்கிறார்கள். அதன் பிறகு நாம் சொல்லும் உண்மையும் அவர்களிடம் எடுபடுவதில்லை.

ஆனால் அந்த மாணவர் படித்த ஏட்டில் எழுதாமல் விடப்பட்ட பக்கங்களும் உண்டு.

ஒரு பொருளின் கேடு இருவகையாகப் பெருகுகின்றது. தனி ஒருவரை அது எவ்வளவு கெடுக்கின்றது என்பது ஒன்று. எத்தனை பேர் அதைத் தொடுகின்றனர் என்பது மற்றொன்று. 2019ஆம் ஆண்டில் வெளியான, மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்த கணக்கெடுப்பில், இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி பேர், கஞ்சாச் செடியின் பொருள்களை உபயோகிப்போர் சுமார் 3 கோடி பேர் என்று கண்டார்கள். அந்த 3 கோடியிலும் பெரும்பகுதியினர் 'பாங்' அருந்துவோர். (நம் மினாராவிலிருந்து ஒலிக்கும் பாங்கு அன்று, வடநாட்டில் பாலில் அரைத்துக் கலந்து குடிக்கும் கஞ்சா இலைக்கு அந்தப் பெயர்.) கடைதோறும் கிடைப்பதால் மது பரவியது, பரவியதால் கேடு மலை போல் ஆயிற்று. கிடைக்காத பொருளின் பிணக் கணக்கை, தெருவுக்குத் தெரு கிடைக்கும் பொருளின் பிணக் கணக்கோடு ஒப்பிட்டு 'இது சாது' என்பது, கூண்டில் இருக்கும் புலியையும் தெருவில் திரியும் நாயையும் ஒப்பிட்டு எது அதிகம் கடித்தது என்று கேட்பதைப் போன்றது.

அடுத்து, மரணத்தை மட்டும் எண்ணும் தராசில் கஞ்சாவின் எடை விழாது. அது கைவைக்கும் இடம் வேறு, அது அறிவு. ஸ்வீடன் நாட்டில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த விகிதம், தொடாதவர்களைப் போல் ஆறு மடங்கு. நோயின் விதை முன்னரே உள்ளவர்கள்தாம் கஞ்சாவை நாடினார்களோ என்ற வாதம் அன்று எழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோர் இடங்களில் நடந்த ஆய்வில், வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் உபயோகிப்போருக்குச் சித்தப் பிரமை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டனர். வீரியம் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் காவல்துறை கைப்பற்றிய கஞ்சாவில் 1995இல் மயக்கச் சத்து நூற்றுக்கு 4 பங்கு. 2014இல் அது 12 பங்கு. 'என் தாத்தா காலத்தில் சாமியார்கள் குடித்தார்களே' என்று சொல்வோர், தாத்தா காலத்துப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். பேரன் கையில் இருப்பது அதுவன்று.

வயதும் முக்கியமானது. பதின்ம வயதில் தொடங்கியவர்கள் அடிமையாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். நம் தெருவில் பொட்டலம் வாங்குவோரின் வயது என்ன? பன்னிரண்டாம் வகுப்பும் அதற்குக் கீழும்தான்.

இனி, சட்டப்பூர்வமாக்கிய நாடுகளின் அனுபவம். உருகுவே நாடு 2013இல் சட்டம் இயற்றியது. கனடா 2018 அக்டோபரில் கடைகளைத் திறந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கடை திறக்காமல், வயது வந்தவர் 25 கிராம் வைத்திருக்கவும் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் அனுமதித்தது. கனடாவில் பலர் அஞ்சியது போல் இளைஞர் கூட்டம் முழுவதும் கஞ்சாவில் விழுந்துவிடவில்லை; கையில் சிறிதளவு வைத்திருந்ததற்காகச் சிறை சென்றவர்களின் துயரம் பெரும்பாலும் நின்றது. அதே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கஞ்சாச் சத்துக் கலந்த மிட்டாய்களைத் தின்பண்டம் என்று எண்ணித் தின்றுவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்படும் சிறு குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. தாய்லாந்தின் கதையோ, கதவைத் திறந்துவிட்டுப் பின்னர் பதறி மூடியவரின் கதை. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒழுங்குபடுத்தும் சட்டம் வருமுன்னரே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்ப உத்தரவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் விட நம்மைச் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. 2018 ஆகஸ்டில், கொரோனா என்ற பீரை அமெரிக்காவில் விற்கும் நிறுவனம், கனடாவின் பெரிய கஞ்சா நிறுவனம் ஒன்றில் 400 கோடி டாலர் முதலிடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மார்ல்பரோ சிகரெட்டை அமெரிக்காவில் விற்கும் நிறுவனம், மற்றொரு கஞ்சா நிறுவனத்தில் 180 கோடி டாலர் முதலிடுவதாக அறிவித்தது. மதுவை விடவும் சிகரெட்டை விடவும் மேலானது என்று எதைச் சொல்கிறார்களோ, அதை விற்க வந்தவர்கள் மதுக்காரரும் சிகரெட்காரருமே! வாடிக்கையாளர் அடிமையாவதில் இலாபம் காண்போர் கையில் ஒரு பொருள் போய்விட்டால், அப்பொருளின் இயல்பான கேட்டோடு வியாபாரத்தின் சாமர்த்தியமும் சேர்ந்துகொள்கின்றது.

வருமானம் வரத் தொடங்கிய பின் கதவை மூடுவது எவ்வளவு அரிது என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் மாகாணத்தில் 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் போயிற்று. 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2024–25இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஆட்சிகள் மாறின, கடைகள் மாறவில்லை. இருந்தும் கள்ளச்சாராயம் ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். சட்டப்பூர்வமான கடை திறந்துவிட்டால் திருட்டு வியாபாரம் தானே அழியும் என்போருக்கு அந்த ஊரின் கப்ருகளும் சிதைகளும் பதில் சொல்லும்.

ஆகவே கஞ்சாக் கடை வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆனால் அந்த மாணவர் கேட்ட கடைசிச் சொல் 'சிறை'. அதற்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.

நாம் ஓதிய மதரஸாவில் உஸ்தாத் அவர்கள் அடிக்கடி நினைவுபடுத்துவார்கள்: ஒன்று ஹராம் என்பது ஒரு மஸ்அலா; அதற்கு என்ன தண்டனை என்பது வேறு மஸ்அலா. கஞ்சாப் பசை, அதாவது ஹஷீஷ், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டளவில் முஸ்லிம் நாடுகளில் பரவியபோது இமாம்கள் எதிர்கொண்டது இதைத்தான். அதன் பெயர் குர்ஆனிலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை. அறிவை மறைக்கும் தன்மையைக் காரணமாகக் கொண்டு அது ஹராம் என்று கூறினார்கள். தண்டனை என்று வந்தபோதோ வழிகள் பிரிந்தன. இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் மதுவிற்குரிய 'ஹத்' தண்டனையே இதற்கும் என்றார்கள். மாலிகி மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்களோ, மது கிளர்ச்சியூட்டி வெறி ஏற்றுவது, ஹஷீஷ் அறிவைக் கெடுப்பது, இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்து, இதற்கு 'ஹத்' இல்லை, திருத்துவதற்கான 'தஃஸீர்' மட்டுமே என்றார்கள். நம் கடற்கரைப் பகுதிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களும், பானம் அல்லாத போதைப் பொருள்களுக்குத் தஃஸீரே என்று கூறுகின்றன. தஃஸீர் என்பது ஆளையும் சூழலையும் பார்த்துத் திருத்தும் நோக்குடன் அளவிடப்படுவது. ஹராம் என்பதில் உறுதி; தண்டனையில் நிதானம். அவர்களுக்கு இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இடம் பெற்றிருந்தன. நமக்கு ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடுகின்றது.

கடுமை ஒன்றே போதும் என்று நினைத்த ஆட்சியாளர்களையும் வரலாறு கண்டிருக்கின்றது. 1378ஆம் ஆண்டளவில் எகிப்தில் ஸூதூன் ஷைகூனீ என்ற அமீர் செடிகளை வேரோடு பிடுங்கச் செய்து, ஹஷீஷ் தின்றவர்களின் பற்களையும் பிடுங்கச் செய்தார். பதினைந்து ஆண்டுகளுக்குள் பழக்கம் முன்னிலும் பெருகிற்று என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ குறித்திருக்கிறார். புகையிலை வந்தபோதும் இப்படியே. 1633இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் இஸ்தான்புல்லில் புகைப்பதைத் தடை செய்து, மீறியோர் பலரைக் கொலை செய்வித்தார். அதைக் கண்ணால் கண்ட அறிஞர் காத்திப் செலபீ, 1656இல் எழுதிய நூலில், தடை பயன் தரவில்லை என்றும், ஊருக்கு ஓர் இடத்தில் மட்டும் விற்க விட்டு, வரி வாங்கி, தெருவில் புகைப்பதைத் தடுப்பதே உசிதம் என்றும் யோசனை கூறினார். இன்றைய விவாதத்தை அப்படியே முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் நடத்தியிருக்கிறார்கள்! அவர் சொன்ன வழியில்தான் புகையிலை உலகெங்கும் சென்றது. அதன் விளைவே மேலே கூறிய 70 இலட்சம். வாளாலும் அடங்கவில்லை, வரியாலும் அடங்கவில்லை.

நம் நாட்டிலும் 1893இல் ஆங்கில அரசு கஞ்சாவைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் அமைத்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமாக உபயோகிப்போருக்குப் பெருங்கேடு இல்லை, மிகுந்தால் கேடு, முற்றாகத் தடுக்காமல் வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தலாம் என்று 1894இல் அறிக்கை தந்தது. அது பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளையும் பரிசோதித்தது. காரணம் தெரியாத இடங்களில் எல்லாம் 'கஞ்சா' என்று எழுதிவிடும் வழக்கம் இருந்ததைக் கண்டுபிடித்தது. இது நமக்கும் ஒரு பாடம். பிள்ளை தடுமாறுவதற்குக் காரணம் என்னவென்று விசாரிக்காமல் 'கஞ்சா' என்று எழுதி மூடிவிடுவது நமக்கும் எளிது.

இன்றைய சட்டத்தை நம் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோவுக்குக் குறைவானது 'சிறு அளவு'. அதற்கு ஓராண்டுவரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்டது 'வணிக அளவு'. பத்து முதல் இருபது ஆண்டு. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவை எவரும் பேசுவதில்லை. பழக்கத்திற்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சைக்கு இசைந்தால், சிறு அளவுக் குற்றத்திற்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற அதில் வழி இருக்கின்றது. போர்ச்சுகல் நாடு 2001 முதல் இதையே பொது விதியாக்கிக்கொண்டது. அங்கே போதைப் பொருள் சட்டப்பூர்வமாகவில்லை, கடையும் இல்லை. சொந்த உபயோகத்திற்குச் சிறிதளவு வைத்திருந்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறாமல், சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தோர் அமர்ந்த ஒரு குழுவின் முன் செல்கிறார். பொறுப்பாக நடந்தால் ஒரு ஜமாஅத்தே அப்படிப்பட்ட குழுவாக இருக்க முடியும்.

வெளிநாடு செல்லும் சகோதரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 'அங்கே அனுமதி, இங்கே அனுமதி' என்ற பேச்சை நம்பிப் பிறர் தரும் பார்சலைப் பெட்டியில் வைக்காதீர்கள். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஒரு கிலோ அளவிலான கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தையாயிருந்ததாக அங்கே ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார்.

இனி நம்முடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சம்பந்தப்பட்ட தாயாரிடம் அனுமதி பெற்றே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் முஹல்லாவைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவர் சிறு பொட்டலத்துடன் பிடிபட்டார். தகப்பனார் வெளிநாட்டில், தாயார் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துபவர். அடுத்த ஜும்ஆ பயானில் நாம் பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் விளங்கும்படி, மிகக் கடுமையாகப் பேசினோம். பலர் வெளியே வந்து நம் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் பிள்ளை அதன் பின் பள்ளிவாசலுக்கு வரவில்லை. அவருடைய தம்பியும் மக்தபுக்கு வருவது நின்றது. எட்டு மாதங்கள் கழித்தே தெரிந்தது: அவர் காதில் யாரோ பேசுவதாகக் கூறிக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடந்திருக்கிறார், தாயார் வெளியில் சொல்ல அஞ்சி மறைத்து வைத்திருக்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாமே உடன் சென்றபோது, இன்னும் முன்னதாக அழைத்து வந்திருக்கலாமே என்று மருத்துவர் கேட்டார். அன்று திரும்பும் வழியில் அந்தத் தாயார் சொன்னது: "போலீஸ்காரங்க ஒரே நாள்ல விட்டுட்டாங்க ஹஜ்ரத். நம்ம ஜமாஅத்துதான் இன்னும் விடல."

இப்பொழுது அந்தப் பிள்ளை மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். அல்ஹம்துலில்லாஹ். அந்த எட்டு மாதங்கள் நம் பயானின் கணக்கில் இருக்கின்றன.

ஏழாவது தீர்மானம் இன்று இருக்கும் வாசகத்தில் நிறைவேறினால், இனி எந்தத் தாயும் நம்மிடம் வர மாட்டார். பிடிபட்டவரின் தங்கையினுடைய நிக்காஹ் எதற்காக நிற்க வேண்டும்? தஃஸீர் என்பதைக் குடும்பத்தின் மீது வைத்த இமாம் எவரையும் நாம் படித்ததில்லை.

இதைச் சொல்லும்போது சிகரெட்டைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. புகையிலை வந்த காலத்தில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது; டமாஸ்கஸ் நகரத்து அப்துல் கனீ நாபுலுஸீ (ரஹ்) அவர்கள் ஆகும் என்றே தனி நூல் எழுதினார்கள். அது கொல்லும் என்பது அன்று நிரூபணமாகவில்லை, இன்று நிரூபணமாகிவிட்டது. இவ்வாண்டறிக்கையின் வரவுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் வாடகை அங்கே இருக்கின்றது. அவற்றுள் இரண்டு கடைகளில் சிகரெட் சரம் தொங்குகின்றது. நாம் பெறும் சம்பளத்திலும் அந்த வாடகை கலந்திருக்கின்றது. டாஸ்மாக் வருமானத்தைப் பற்றி அரசைக் கேட்கும் நாம், அந்த மாணவர் 'பள்ளிவாசல் வாசலிலேயே' என்று சொன்னபோது தலை குனிந்திருக்க வேண்டும். பீடி சுற்றும் தாய்மார்களை இதில் சேர்த்துக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வேறு தொழில் காட்டாமல் அவர்கள் கையிலிருக்கும் இலையைப் பிடுங்க எவருக்கும் உரிமை இல்லை. கடைகள் அப்படியல்ல, குத்தகை நம் கையில் இருக்கின்றது.

எனவே நிர்வாகத்திடம் சில திருத்தங்களை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். 'குடும்பம்' என்ற சொல்லையும் நிக்காஹ் தஃப்தர் பற்றிய வரியையும் எடுத்துவிட வேண்டும். விற்பவர் வேறு, உபயோகிப்பவர் வேறு என்று பிரிக்க வேண்டும். சிறுவர்களுக்கு விற்பவர் மீது ஜமாஅத் எடுக்கும் நடவடிக்கையில் நாம் முன்னால் நிற்போம். காவல்துறைக்குத் தகவல் சொல்லவும் தயங்க மாட்டோம். பழக்கத்தில் விழுந்தவரை, ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், பெற்றோர் இருவர், நாம் ஆகியோர் அடங்கிய சிறு குழு, பெயர் வெளியே வராமல் சந்தித்துச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. அதை அறிவிப்புப் பலகையில் இன்றே எழுதி வைக்கலாம். அடுத்த குத்தகைப் புதுப்பிப்பில் பள்ளிவாசல் கடைகளில் புகையிலை விற்பதில்லை என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அதனால் வாடகை குறையுமானால், அந்தக் குறைவை முதலில் நம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும்படி பொருளாளர் அவர்களிடம் தெரிவித்துவிட்டோம்.

அந்த மாணவரின் வீட்டிற்குச் சென்ற வியாழக்கிழமை போயிருந்தோம். இன்று பேசவிருப்பதைச் சொல்லி அழைத்தோம். மூன்றாவது தூணுக்கு அருகில் அமர்ந்திருக்கிறார். வரும் ஞாயிறு மஃரிபுக்குப் பின் அவர் தம் கேள்வியை மீண்டும் கேட்கலாம். அதட்டிய பெரியவரும் வருவதாக இசைந்திருக்கிறார்.

திருத்தப்பட்ட தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் இப்பொழுது வாசிப்பார்கள். வஸ்ஸலாம்.